ஒன்பது புள்ளி இரண்டு

காலை 9 மணி. துணை சுகாதார நிலையத்தின் இரும்புக் கதவு திறக்கிறது. கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். புரட்டாசி மழை ஓய்ந்து வாசலில் நீர் தேங்கியிருக்கிறது. திண்ணையில் ஏற்கெனவே நான்கு ஜோடி செருப்புகள்.

கிராம சுகாதார செவிலியர் பையை மேசையில் வைக்கிறார். முதலில் டேப்பை எடுத்து சார்ஜரில் செருகுகிறார். பிறகு பதிவேடுகள். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கர்ப்பிணிகள் பதிவேடு. தடுப்பூசிப் பதிவேடு. மாத்திரை இருப்புப் பதிவேடு. காக்கி அட்டை போட்டவை, முனைகள் மடங்கியவை. அடுக்கி முடிக்கும்போது மேசையில் பாதி நிறைந்துவிடுகிறது. மீதிப் பாதியில் ரத்த அழுத்தக் கருவி, பஞ்சு டப்பா, விரலில் குத்தும் ஊசிகள்.

சுவரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் அறிவிப்பு. 18,000 ரூபாய் என்ற எண் மட்டும் பெரிதாக இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று ஸ்டிக்கர்கள்: 102, 104, 108. அதன் கீழே பென்சிலில் யாரோ எழுதிய ஆட்டோக்காரர் நம்பர்.

இன்று கர்ப்பிணிகள் வரும் நாள்.

*

முதலில் வருபவள் தலைச்சன் பிள்ளைக்காரி. மாமியார் கூடவே வந்திருக்கிறார். கேள்விகளுக்கு மாமியாரே பதில் சொல்கிறார்.

“கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?”

“ஆடி மூணாம் வெள்ளி. அம்மனுக்குக் கூழு ஊத்துனோமே, அன்னிக்கு” என்கிறார் மாமியார்.

செவிலியர் சுவரிலுள்ள மாதக் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். ஆகஸ்ட் 2. விரல்களை மடக்குகிறார். ஒன்பது மாதம், ஏழு நாள்.

“மே 9. அக்கினி நட்சத்திரத்துல வருதும்மா. தண்ணி நெறைய குடிக்கணும்.”

தேதியைத் திரையில் தட்டுகிறார். நாள் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், ஆண்டு நான்கு இலக்கம். வட்டம் சுற்றுகிறது. செவிலியர் அதற்குள் பெண்ணின் எடையைப் பார்த்துவிடுகிறார். உயரம் அளந்துவிடுகிறார். திரும்பி வந்து பார்க்கிறார். திரையில் மே 9.

அடுத்தது ஆபா எனும் சுகாதாரக் கணக்கு எண். 14 இலக்கம். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகும். அந்தக் கைப்பேசி திருப்பூரில் இருக்கிறது. கணவன் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கிறான். மாமியார் தன் பொத்தான் போனில் அழைக்கிறார். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி அழைக்கிறார்.

“மெஷின் சத்தத்துல கேக்காது நர்ஸம்மா.”

ஓ.டி.பி. பத்து நிமிடம் செல்லும். பெஞ்சில் இருக்கும் பெண்கள் எல்லோரும் போனையே பார்க்கிறார்கள். ஒன்பதாவது நிமிடம் அவன் எடுக்கிறான். மாமியார் போனைச் செவிலியர் காதில் வைக்கிறார். ஆறு எண்கள். செவிலியர் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திரும்பச் சொல்லி அழுத்துகிறார்.

“ஏறிடுச்சு.”

மாமியார் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுக்கிறார். செவிலியர் பார்க்கிறார். வெற்றிலை மறுபடி பைக்குள் போகிறது.

*

இரண்டாமவள் நூறு நாள் வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள். காலில் மண். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். ஐந்தாம் மாதம்.

செவிலியர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் துடைக்கிறார். குத்துகிறார். முதல் துளியைப் பஞ்சில் ஒற்றி எடுக்கிறார். இரண்டாவது துளி கருவிக்குள் போகிறது.

பையன் அம்மாவின் விரலைப் பார்த்து அழுகிறான்.

கருவியில் எண் தெரிகிறது. 9.2.

கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். ஏழுக்குக் கீழே இறங்கினால் கடுமையான ரத்தசோகை. இது நடுவில் இருக்கிறது.

“காலையில என்ன சாப்ட்ட?”

“டீ.”

“மாத்திரை?”

“போடறேன்.”

“எதோட?”

“டீயோட.”

செவிலியர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். நாற்காலியை அவள் பக்கம் திருப்புகிறார். டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது என்கிறார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணியோடு போடச் சொல்கிறார். முருங்கைக்கீரை வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார். கொல்லையில் மரமே இருக்கிறது. மாடு தின்கிறது. திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்கிறார். நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்ற வேண்டும். பையனை யாரிடம் விட்டு வருவாள் என்றும் கேட்கிறார். அதற்கு ஒரு பதில் கிடைக்கும்வரை விடவில்லை.

இதற்கு ஏழு நிமிடம் ஆகிறது. எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

பிறகு பேனாவை எடுக்கிறார். தாய்சேய் நல அட்டையில் 9.2. கர்ப்பிணிகள் பதிவேட்டில் 9.2. ஹை ரிஸ்க் நோட்டில் சிவப்பு மையில் 9.2. டேப்பைப் பார்க்கிறார். சிக்னல் ஒரு கோடு. அதுவும் மறைகிறது. டேப்பைக் கவிழ்த்து வைக்கிறார்.

“அடுத்தது யாரும்மா?”

*

மூன்றாமவள் இந்த ஊர்ப் பெண். வாக்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். இப்படி வருபவர்களுக்குச் செவிலியர்களின் பேச்சில் ‘விசிட்டர் மதர்’ என்று பெயர்.

அவளிடம் அட்டை இருக்கிறது. மழையில் நனைந்து மை கலைந்திருக்கிறது. ரத்த வகை எழுதிய இடத்தில் நீலக் கறை.

“பிக்மி நம்பர் இருக்கா?”

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண். போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். 12 இலக்கம். செவிலியர் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். தெருவைக் கடக்கிறார். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குக் கீழே நிற்கிறார். ஊரில் சிக்னல் நிலையாக நிற்கும் இடம் அது. பால் சொசைட்டிக்காரர் வழிவிட்டு நகர்ந்து நிற்கிறார். செவிலியர் டேப்பை உயர்த்திப் பிடிக்கிறார்.

வட்டம் சுற்றுகிறது. நிற்கிறது. பக்கம் திறக்கிறது.

முதல் பிரசவம் சிசேரியன். ரத்த வகை ஏ நெகட்டிவ்.

செவிலியர் அந்த வரியில் விரலை வைத்தபடி நிற்கிறார். பிறகு வேகமாகத் திரும்பி வருகிறார்.

“முதல் குழந்தை ஆபரேஷன்னு சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கலியே நர்ஸம்மா.”

இவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். தருமபுரிப் பக்கம் ஒரு செவிலியர் என்றோ ஒருநாள் ஏற்றி வைத்த இரண்டு வரிகள், இங்கு ஒரு பெண் போக வேண்டிய ஆஸ்பத்திரியை மாற்றிவிட்டன.

செவிலியர் அந்த அட்டையில் கலைந்துபோன எழுத்தின்மேல் அழுத்தி எழுதுகிறார். ஏ நெகட்டிவ்.

*

பகல் 2 மணி. வீடு பார்க்கும் நேரம். ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கியில் பை. பைக்குள் குழந்தை எடை பார்க்கும் தராசு, தெர்மாமீட்டர், டேப்.

குடிசையின் உள்ளறை. பிறந்து மூன்று நாளான குழந்தை பழைய சேலைத் துணியில் கிடக்கிறது. செவிலியர் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். தொப்புளைப் பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார். உதடு மட்டும் அசைகிறது. ஒரு நிமிடம் வரை யாரும் பேசவில்லை.

பாட்டி கேட்கிறாள்: “அந்த நம்பரு எங்கன இருக்கு?”

பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எண் வேண்டும். நிதியுதவிக்கும் அந்த எண் வேண்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தாக வேண்டும். செவிலியர் அட்டையின் மேல்மூலையைக் காட்டுகிறார். பாட்டி 12 இலக்கங்களையும் விரலால் தடவிப் பார்க்கிறாள். அட்டையை மஞ்சள் பையில் போட்டு, பையை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் வைக்கிறாள்.

மூன்றாம் நாள், ஏழாம் நாள், 14, 21, 28, 42. செவிலியர் இந்த வீட்டுக்கு வர வேண்டிய நாள்கள். ஒவ்வொரு வருகையும் நோட்டில் ஒரு வரி. திரையில் ஒரு பக்கம்.

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் அடிக்கிறது. பகுதி சுகாதார செவிலியர்.

“அக்கா, இன்னிக்கு ஹை ரிஸ்க் குரூப்ல போடலியே.”

செவிலியர் வண்டியை ஸ்டாண்டு போடுகிறார். வாட்ஸ்அப் திறக்கிறார். பெயர் தட்டாமல் பதிவேட்டு வரிசை எண்ணைத் தட்டுகிறார். பக்கத்தில் 9.2.

*

இரவு 9 மணி. செவிலியரின் வீடு. சாப்பிட்ட இடம் துடைத்தாகிவிட்டது. அதே இடத்தில் பதிவேடு விரிகிறது. மகளின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இயற்பியல் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறாள்.

மகள் வாசிக்கிறாள். அம்மா தட்டுகிறார்.

பதிவேட்டில் பெயர்கள் இருக்கும் கட்டத்தின்மேல் ஓர் அடிஸ்கேல் படுத்திருக்கிறது. செவிலியர் வைத்தது. மகள் கண்ணில் எண்கள் மட்டும் படுகின்றன. எச்.ஐ.வி. சோதனை முடிவு எழுதிய கட்டத்தைச் செவிலியரின் இடது உள்ளங்கை மூடியிருக்கிறது. அந்தக் கட்டம் வரும்போது மகள் நிறுத்துகிறாள். அம்மா தானே பார்த்துத் தட்டிக்கொள்கிறார். இது பேசி வைத்துக்கொண்டதில்லை. வழக்கமாகியிருக்கிறது.

“எடை நாப்பத்தி நாலு. பி.பி. நூத்திப் பத்து எழுபது. ஹெச்.பி. ஒம்போது புள்ளி ரெண்டு.”

9.2.

வரிசை சிவப்பாகிறது. அபாயத் தாய்மார் பட்டியலில் தானாகப் போய்ச் சேர்கிறது. செவிலியர் ஒரு கணம் அதைப் பார்க்கிறார். தலையசைக்கிறார்.

“இது நல்லாதான் இருக்கு. நாம மறந்தாலும் அது மறக்காது.”

“அப்ப நோட்டு எதுக்கும்மா?”

“ஆடிட்டுக்கு வந்தா நோட்டுதான் கேப்பாங்க.”

10 மணிக்கு மின்சாரம் போகிறது. ஹாட்ஸ்பாட் இருக்கிறது. டேப்பில் சார்ஜ் 11 சதவீதம். மகள் டார்ச் பிடிக்கிறாள். இன்னும் ஆறு வரிகள். செவிலியர் நான்கு முடிக்கிறார். டேப் அணைகிறது. டார்ச் வெளிச்சத்திலேயே நாட்குறிப்பை எடுத்து அன்றைய வேலையை எழுதுகிறார். பார்த்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், வீடுகள் எத்தனை, ரத்தசோகை ஒன்று, 9.2.

மகள் இயற்பியல் புத்தகத்தைத் தேடுகிறாள்.

*

மாதக் கடைசி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூட்ட அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் திரை. மாதாந்திர அறிக்கைத் தாள்கள் கை மாறுகின்றன. ஹை ரிஸ்க் இணைப்புத் தாளின் ஒரு கட்டத்தில் நீல மையில் 9.2.

திரையில் அது வேறு உருவில் வருகிறது. ‘நடுத்தர ரத்தசோகை’ என்ற தலைப்புக்குக் கீழே 1.

பச்சைக் கட்டங்கள் பதிவு முடிந்தவை. மஞ்சள் பாதி. சிவப்பு பெண்டிங். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் பெயரும் வரும்போது அதன் செவிலியர் எழுந்து நிற்கிறார்.

“பெண்டிங் ரெண்டு ஏன்மா?”

“கரண்ட் போயிடுச்சு சார். மறுநாள் ஏத்திட்டேன்.”

“மறுநாள் தேதியிலதான காட்டுது.”

மருத்துவ அலுவலர் அடுத்த பெயருக்குப் போகிறார். பிறகு நிறுத்துகிறார். திரும்பக் கேட்கிறார்.

“அந்த ஒன்பது புள்ளி ரெண்டு, சுக்ரோஸ் போட வந்தாளா?”

“மூணு டோஸ் முடிஞ்சுது சார். பையனை அங்கன்வாடி ஆயா பார்த்துக்கிட்டாங்க.”

“நல்லது.”

கடைசி வரிசையில் இரண்டு பேர். ஒருவர் வேலைக்கு வந்து ஓராண்டு ஆனவர். இரண்டு கட்டைவிரல்களாலும் தட்டுகிறார். மற்றவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறார். 2008-இல் கர்ப்பிணிகள் விவரத்தைக் கணினியில் ஏற்றும் பிக்மி வந்தபோதே வேலையில் இருந்தவர். முதல் வகுப்பில் மௌஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களில் ஒருவர். இன்று இளையவர் அவர் கையிலிருந்து டேப்பை வாங்கி நான்கு தட்டில் முடித்துக் கொடுக்கிறார்.

இளையவரின் பட்டியலில் ஒரு வரி நீண்ட நாளாகச் சிவப்பில் நிற்கிறது. முகவரியில் ஆள் இல்லை. போன் அணைந்திருக்கிறது. மூத்தவர் எட்டிப் பார்க்கிறார்.

“இவ செங்கல் சூளைக்குப் போயிருக்கா. பொங்கல் வரைக்கும் வர மாட்டா. இவ அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததே நான்தான். இரு.”

தன் பழைய நோட்டிலிருந்து ஒரு நம்பர் எடுக்கிறார். சூளைக்காரர் நம்பர். இளையவர் எழுதிக்கொள்கிறார். திரையில் அந்த நம்பருக்குக் கட்டம் இல்லை. கையின் பின்புறத்தில் எழுதிக்கொள்கிறார்.

கூட்டம் முடியும்போது ஒரு தாள் முன்வரிசைக்குப் போகிறது. எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனு. மூன்று வரிகள். முதல் வரி: எல்லாத் துணை சுகாதார நிலையங்களுக்கும் நிலையான இணைய இணைப்பு வேண்டும். இரண்டாவது வரி: பதிவேற்றும் வேலைக்கு அலுவலக நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். மருத்துவ அலுவலர் படித்துக்கொண்டிருக்கும்போதே 108 வண்டியின் சைரன் வாசலில் கேட்கிறது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். செவிலியர்களில் நான்கு பேர் அவருக்கு முன்னால் ஓடுகிறார்கள்.

*

மார்கழியில் வளைகாப்பு இல்லை. தை கடைசியில் ஒன்பதாம் மாத வளைகாப்பு. நூறு நாள் வேலைக்காரியின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள். அண்ணன் வாடகை வேன் பிடித்து வந்திருக்கிறான். ஐந்து வகைச் சோறு கட்டியாகிவிட்டது. பையனையும் தூக்கிக்கொள்கிறார்கள். வேன் சேலம் மாவட்டத்தை நோக்கிப் போகிறது, ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு. அட்டை மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து ஆத்தூர்ப் பக்கத்துத் துணை சுகாதார நிலையம். அங்கே வேறொரு செவிலியர். வேறொரு மேசை. அதே காக்கி அட்டைப் பதிவேடுகள்.

“அட்டை எங்கம்மா?”

“அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்க்கா.”

“ரத்தம் எவ்ளோ இருந்துச்சு?”

“தெரியல.”

“நரம்புல ஏதாச்சும் ஏத்துனாங்களா?”

“காப்பி கலர்ல ஏதோ ஏத்துனாங்க. குளுக்கோஸ் பாட்டில்ல.”

செவிலியர் கணவனின் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார். தட்டுகிறார். பெயர் வருகிறது. ஊர் வருகிறது. 12 இலக்கம் வருகிறது. பக்கம் திறக்கிறது.

ஐந்தாம் மாதம், 9.2. அயர்ன் சுக்ரோஸ், தேதிகளோடு. ஆறாம் மாதம், 10.1.

செவிலியர் பெண்ணின் விரலைத் துடைக்கிறார். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிடுகிறார். குத்துகிறார். 10.8.

“ஏறியிருக்கு. அங்க உன்ன நல்லா பாத்திருக்காங்க.”

பெண் சிரிக்கிறாள். வேறு ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம். மாத்திரையை விடாமல் போட்டால் போதும். டீயோடு போடக் கூடாது.

“அங்க இருக்கற நர்ஸம்மாவும் இதத்தான் சொன்னாங்க.”

செவிலியர் புதிய அட்டை ஒன்றை எடுக்கிறார். 10.8 எழுதுகிறார். கர்ப்பிணிகள் பதிவேட்டைப் பிரிக்கிறார். 10.8 எழுதுகிறார். ஹை ரிஸ்க் நோட்டை இழுக்கிறார்.

மலையடிவாரத்தில் அந்த 9.2 ஏழு இடங்களில் எழுதப்பட்டது. அட்டையில், பதிவேட்டில், சிவப்பு மை நோட்டில், வாட்ஸ்அப்பில், திரையில், நாட்குறிப்பில், மாத அறிக்கையில். ஆத்தூர்ப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது திரையில் ஏற்றிய ஒன்றுதான்.

மனுவின் மூன்றாவது வரி: திரையில் ஏற்றிய விவரத்தை மறுபடி நோட்டில் எழுதச் சொல்லாமல், ஒருமுறை எழுதினால் போதும் என்று ஆணையிட வேண்டும்.